பயப்படும் சிப்பாய்கள்

"பேரனைப் போர் விளையாட்டுக்கா கூட்டிப் போனீங்க, சார்?" என்று நேற்றைய படத்தின் கீழே சிலர் கேட்டிருக்கிறீர்கள். ஆமாம். நாட்டிங்ஹாமில் மகள் வீட்டில் இருக்கிறேன். பக்கத்து விளையாட்டுக் கடையில் புதியவர்களுக்கு மேசை போட்டுச் சொல்லித் தருகிறார்கள். 'போல்ட் ஆக்‌ஷன்' என்று பெயர். இரண்டாம் உலகப் போர். ஓர் அங்குலச் சொச்சம் உயரப் பொம்மைச் சிப்பாய்கள்.

சதுரங்கம் மாதிரி நான் ஒன்று, நீ ஒன்று என்ற முறை இதில் கிடையாது. இரு தரப்புக் கட்டைகளையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கி எடுக்கிறார்கள். எவர் நிறம் வருகிறதோ அவர் ஒரு குழுவை நகர்த்தலாம். எனக்குப் பிடித்தது அதுவல்ல. குண்டடி பட்ட குழுவின் பக்கத்தில் ஒரு வில்லை வைக்கிறார்கள். ஆள் சாகாவிட்டாலும் பயந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வில்லை கூடக் கூட, சொன்ன பேச்சைக் கேட்க மாட்டார்கள். பேரன் "முன்னேறு" என்கிறான். கட்டையை உருட்டினால் சிப்பாய்கள் தரையோடு படுத்துக்கொள்கிறார்கள்!

செல்போன் சண்டையில் இந்தப் பயம் உண்டா? விழுந்தவன் அடுத்த நொடி எழுந்து ஓடுகிறான். அதற்குக் கவலைப்படாதவர்கள், எதிரே உட்கார்ந்த மனிதரோடு டேப் பிடித்து அளந்து, விதி பேசி, தோற்றுக் கைகுலுக்கும் பிள்ளைக்காகக் கவலைப்படுவது எனக்குப் புரியவில்லை. எச். ஜி. வெல்ஸ் 1913-லேயே பொம்மைச் சிப்பாய் விளையாட்டுக்கு விதிப்புத்தகம் எழுதினார். நிஜப் போரைச் சாடியதும் அதே புத்தகத்தில்தான்.

விலைதான் இடிக்கிறது. வாங்கி, ஒட்டி, வண்ணமும் நாமே தீட்ட வேண்டும். கடைக்காரர் இரவல் தந்ததால் பிழைத்தோம். பிறந்தநாளுக்கு என்ன அனுப்பலாம் என்று கேட்ட மாமா, பெரியம்மாக்கள் கவனிக்க: மெல்லிய தூரிகை இரண்டு போதும்.