கை மாறின சாப்பாடு

சாப்பாட்டுக் கடையைப் பற்றி எழுத நம்ம பத்திரிகையில் இடம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். சோறு சம்பந்தப்படாத அரசியல் ஒன்று இருந்தால் சொல்லுங்கள், நான் பேனாவை மூடிவிடுகிறேன்.

நான் சிங்கப்பூரில் ஒரு வங்கியில் கவுன்டர் கிளார்க். ஊரை விட்டு வந்து ஆறு வருஷமாச்சு. பகலில் அடுத்தவன் பணத்தை எண்ணுவது, ராத்திரியில் கவிதை என்று எதையாவது எழுதிக் கிழிப்பது, இதுதான் பிழைப்பு. இங்கே நகரத்து நடுவில் ஒரு 'பியூஷன்' உணவகம் இருக்கிறது. பெயர் வேண்டாம். ரசத்தைச் சின்னக் கண்ணாடிக் குவளையில் ஊற்றித் தருவார்கள். மீன்தலைக் குழம்பில் நூடுல்ஸ் வரும். ஆட்டுக்குடல் வறுவலைச் சின்ன ரொட்டியில் மடித்து, மேலே ஊறவைத்த வெங்காயம் தூவி, 28 வெள்ளி என்பார்கள். ஒரு வெள்ளி நம்ம காசுக்கு அறுபது ரூபாய்க்கு மேல். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கடைக்கு மூன்று தடவை போனேன். முதல் தடவை அந்தக் குடலை வாயில் வைத்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. மஞ்சளும் எலுமிச்சையும் போட்டு நாலைந்து தண்ணி மாற்றிக் கழுவின குடல். மிளகு தூக்கலாக, கடைசியில் ஒரு பிடி சின்ன வெங்காயம். எங்க அம்மா ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் கிளறின அதே பக்குவம். பள்ளிக்கூடத்தில் 'குடல் திங்கிற பய' என்று என் பக்கத்தில் உட்கார மறுத்தவனுடைய முகமும் கூடவே ஞாபகம் வந்தது. அவன் இன்றைக்கு இந்த மேசையில் இருந்தால் 28 வெள்ளி கொடுத்துத் தின்றுவிட்டு, படம் பிடித்து ஊருக்கும் அனுப்பியிருப்பான்.

இரண்டு மாதம் கழித்து நண்பர் ஒருவரை அழைத்துக்கொண்டு போனேன். பெருமையாகத்தான். அதே தட்டு, அதே ரொட்டி, அதே விலை. குடல் மட்டும் ரப்பர். சரியாகக் கழுவாத வாடை வேறு. ரசத்தில் சர்க்கரை. நண்பர் நாகரிகமாகத் தண்ணி குடித்துச் சமாளித்தார். மூன்றாவது தடவை போனபோது அதே பெயரில் குடலுக்குப் பதிலாகக் காளான் வந்தது. கேட்டால், 'ரெசிப்பி அப்டேட் பண்ணிட்டோம் சார்' என்றார்கள்.

இதை ஆபீசில் சொன்னேன். ஒருத்தர் சொன்னார், 'பியூஷன்னா அப்படித்தாங்க. ஒருநாள் வரும், ஒருநாள் வராது.' இன்னொருத்தர் கொஞ்சம் தத்துவமாகப் போனார். 'கலந்தாலே கெட்டுப்போகும் தம்பி. அது அது அதன் சுத்தத்தில் இருக்கணும். பாரம்பரியத்தில் கை வைக்கக்கூடாது.'

இந்த இரண்டாவது பேச்சைத்தான் நான் விடுவதாக இல்லை. கலந்தால் கெட்டுவிடும், அதது அதன் இடத்தில் இருக்கணும் என்ற வார்த்தைகளை நாம் வேறு எங்கேயெல்லாம் கேட்டிருக்கிறோம்? கிணற்றடியில் கேட்டிருக்கிறோம். டீக்கடை வாசலில் கேட்டிருக்கிறோம். கல்யாணப் பேச்சில் கேட்டிருக்கிறோம். இப்போது தட்டிலேயும் வந்து நிற்கிறது. சாப்பாட்டைப் பற்றிய அபிப்பிராயம் மாதிரித்தான் தெரியும். தோண்டினால் உள்ளே இருப்பது அதே தீட்டு.

கலந்தால் கெடும் என்பதற்கு இந்த ஊரே எதிர்ச்சாட்சி. சிங்கப்பூரின் மீன்தலைக்கறி எப்படி வந்தது? 1949 வாக்கில் எம்.ஜே. கோமஸ் என்ற மலையாளி, சீன வாடிக்கையாளர்கள் மீன்தலையை விரும்பிச் சாப்பிடுவதைப் பார்த்து, அதை நம்ம புளி, மிளகாய்க் குழம்பில் போட்டார் என்று சொல்கிறார்கள். பெரிய ஓட்டல் இலையில் இடம் கிடைக்காத தலை, இன்றைக்கு இந்த நாட்டின் அடையாளச் சாப்பாடு. சீனருடைய மஞ்சள் நூடுல்ஸைத் தமிழ் முஸ்லிம்கள் மிளகாய் போட்டுப் புரட்டி மீ கோரெங் ஆக்கினார்கள். நம்ம பரோட்டா இங்கே பிராட்டா ஆகி, சீனரும் மலாய்க்காரரும் காலையில் வரிசையில் நிற்கிறார்கள். 2020 டிசம்பரில் சிங்கப்பூரின் ஹாக்கர் கடைப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அத்தனையும் கலப்பு. யாரும் கெட்டுப்போகவில்லை.

அந்தக் கடைகளில் ருசி பெரிதாக மாறுவதும் இல்லை. தேக்காவில் நான் வழக்கமாகச் சாப்பிடும் கடையில், ஆறு வருஷமாக அதே மீ கோரெங், அதே காரம். காரணம் ரொம்பச் சாதாரணம். கரண்டி பிடிக்கிற கைதான் கல்லாவிலும் இருக்கிறது. சாப்பிடுகிறவன் நாளைக்கும் வருவான், எண்ணி வைத்த காசோடு வருவான். இன்றைக்கு ஏமாற்றினால் நாளைக்கு முகத்துக்கு நேரே கேட்பான்.

அப்படியானால் என் பியூஷன் கடையில் என்னதான் கெட்டது? பதில் என் கவுன்டருக்கே வந்தது.

ஊருக்குப் பணம் அனுப்ப வந்தவர் அவர். வாடிக்கையாளர் விவரத்தை வெளியே சொல்லக்கூடாது, அதனால் ஊரும் இல்லை, பேரும் இல்லை. வேலை செய்த இடத்தைப் படிவத்தில் பார்த்ததும் நானாகத்தான் கேட்டேன்.

"அண்ணே, நீங்க சாப்பிட்ட அந்தக் குடல் எங்க வீட்டுப் பக்குவம். ஸ்டாஃப் சாப்பாட்டுக்குன்னு ஒருநாள் செஞ்சேன். செஃப் ருசி பார்த்துட்டு மெனுவுல போட்டுட்டாரு. காலையில பத்துக்குப் போனா ராத்திரி பன்னெண்டு ஆவும். சம்பளம் கூட்டிக் கேட்டேன். பாஸ் முடியிற நேரம் பாத்து, புதுப்பிக்கலைன்னுட்டாங்க. அடுத்த வாரம் திருச்சி ஃபிளைட்."

"மெனு அட்டையில உங்க பேரு போட்டாங்களா?"

சிரித்தார். "எம் பேரு பாஸ்ல மட்டுந்தாண்ணே இருந்துச்சு."

இதற்கு மேல் ஆராய்ச்சி எதற்கு? குடல் ரப்பர் ஆனது பியூஷனால் இல்லை. கழுவத் தெரிந்த கையை அனுப்பிவிட்டார்கள், அதனால் ஆனது. கழுவத் தெரிந்தவன் இல்லாதபோது காளானுக்கு மாறினார்கள், அதற்கு 'அப்டேட்' என்று பேர் வைத்தார்கள். செய்முறையைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டால் போதும், கரண்டி பிடிக்க யாரை வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பது முதலாளியின் கணக்கு. கணக்கு தப்பு என்று நாக்கு சொல்கிறது.

முதலாளிக்கும் கஷ்டம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. இந்த நகரத்தில் கடை வாடகை எந்தக் கடைக்காரனையும் தூங்க விடாது. ஆட்களும் லேசில் கிடைப்பதில்லை. இங்கே உள்ள இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் ஊரிலிருந்து சமையல்காரரை வொர்க் பெர்மிட்டில் கூட்டிவர அனுமதி வந்ததே 2023 செப்டம்பர் 1 முதல்தான், குறைந்தது மாதம் 2000 வெள்ளி சம்பளம் என்ற நிபந்தனையோடு. ஆனால் எந்த அட்டையில் வந்தாலும் அது முதலாளியோடு கட்டிப்போட்ட அட்டை. வேலை போனால் நாடும் போகும். அரசு ஹாக்கர் சென்டரில் ஒரு கடை எடுத்துப் பிழைக்கலாம் என்றால், அதற்குக் குடியுரிமையோ நிரந்தரவாசமோ வேண்டும். கோமஸுக்குக் கிடைத்த வழி, இவருக்கு அடைத்துக் கிடக்கிறது.

அந்த இரண்டாவது தடவை பில்லைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், கிளார்க் புத்தி. சாப்பாடு 80 வெள்ளி. பத்து சதவீதம் 'சேவைக் கட்டணம்' 8 வெள்ளி. அதன்மேல் 9 சதவீத ஜி.எஸ்.டி., 7 வெள்ளி 92 காசு. ஆக 95 வெள்ளி 92 காசு. ஜி.எஸ்.டி. அரசாங்கத்துக்குப் போகும், தெரியும். சேவைக் கட்டணம் சேவை செய்தவனுக்குப் போகணும் என்று சட்டம் ஏதும் கிடையாது. முதலாளி மனசு வைத்தால் உண்டு. 'உங்களுக்கு எவ்வளவு வந்துச்சு?' என்று அவரைக் கேட்டேன். அப்படி ஒன்று வாங்குகிறார்கள் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

இங்கே இன்னொரு வார்த்தை விளையாட்டும் நடக்கிறது. கண்ணாடிக் கட்டடத்தில் வேலை செய்ய வெளிநாட்டிலிருந்து வந்தவன் 'எக்ஸ்பாட்'. அந்தக் கட்டடத்தைக் கட்ட வெளிநாட்டிலிருந்து வந்தவன் 'ஃபாரின் வொர்க்கர்'. இரண்டு பேரும் ஒரே விமானத்தில் வந்திருப்பார்கள். எக்ஸ்பாட் சாப்பாட்டில் ருசி மாறினால் அது விமர்சனம். மற்றவனுக்கு? டார்மிட்டரிக்கு விடியறதுக்கு முன்னாடியே கேட்டரிங் வண்டி வரும். காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் ஒன்றாகவே வந்துவிடும். குழம்பு பிளாஸ்டிக் பையில் கட்டியிருக்கும். மதியம் வெயிலில் பிரித்தால் ஊசிப்போன நாளும் உண்டு. என் கவுன்டரில் நிற்கிற பாதிப் பேர் அதைத் தின்றுவிட்டு வருகிறவர்கள்தான். அந்தக் குழம்புக்கு யாரும் விமர்சனம் எழுதுவதில்லை.

நானும் எழுதவில்லை. டை கட்டிக்கொண்டு, அட்டையில் பெயர் குத்திக்கொண்டு, நானும் எக்ஸ்பாட் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறேன். 95 வெள்ளிக்குக் குடல் ரப்பராக இருந்தது என்று ஆபீசில் புலம்பினேன். அந்தக் குடலை அம்மா மாதிரிக் கழுவினவர் யார் என்று முதல் தடவையே கேட்கத் தோன்றவில்லை. அந்த முதல் நாள் சமையலறைக் கதவைத் தட்டி, 'யாருப்பா செஞ்சது, கையைக் குடு' என்று கேட்டிருந்தால் முதலாளியாவது அந்தக் கையைக் கவனித்திருப்பார். கேட்கவில்லை. 'எக்ஸலென்ட்' என்று சொல்லிவிட்டு வந்தேன், அதுவும் செஃப்பிடம்.

வெளிநாட்டிலோ சென்னையிலோ இப்படிப்பட்ட கடைகளுக்குப் போகிற நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். கலப்பைத் திட்டாதீர்கள். தலையும் குடலும் பெரிய தட்டுக்கு ஏறுவது நல்லதுதான், ஏறட்டும். ஆனால் அதைச் சமைக்கிற ஆளும் கூட ஏறினாரா என்று பாருங்கள். பில் வந்ததும் சேவைக் கட்டணம் யாருக்குப் போகிறது என்று சத்தமாகக் கேளுங்கள். ருசி மாறியிருந்தால், ரெசிப்பியை மாற்றினீர்களா என்று கேட்காதீர்கள். பழைய ஆள் எங்கே என்று கேளுங்கள்.

அவர் திருச்சிக்குப் போய்விட்டார். கடைசியாக அனுப்பின பணத்துக்கான ரசீதில் முத்திரை குத்தினது நான்தான். அந்தக் கடையில் இன்னும் காளான்தான் போடுகிறார்கள். விலை 30 வெள்ளி ஆகிவிட்டது.