செவ்வாயில் தடுமாறிய கண்

செவ்வாயில் ஹெலிகாப்டர் பறந்த கதை என்றால் எல்லோரும் காற்றைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நியாயம்தான். அங்கே காற்றின் அடர்த்தி பூமியில் இருப்பதில் சுமார் நூற்றில் ஒரு பங்கு. அதில் எழும்ப, 1.8 கிலோ எடையுள்ள அந்த ஹெலிகாப்டர், இன்ஜெனூயிட்டி, தன் 1.2 மீட்டர் இறக்கைகளை நிமிடத்துக்கு 2,400 முறைக்கு மேல் சுழற்ற வேண்டியிருந்தது. இதற்குத் தலைகீழான கணக்கை டொராண்டோ போட்டுப் பார்த்திருக்கிறது. இங்குள்ள பல்கலைக்கழகத்தில் படித்த டாட் ரைக்கர்ட்டும் கேமரன் ராபர்ட்சனும் குழுவாகச் சேர்ந்து உருவாக்கிய அட்லஸ் என்னும் ஹெலிகாப்டர், 2013 ஜூனில் வெறும் மனிதக் கால் வலுவில் 64 நொடி மிதந்தது. மனித வலுவில் பறக்கும் ஹெலிகாப்டருக்கென வைக்கப்பட்டு, 33 ஆண்டுகள் யாருக்கும் கிட்டாத சிகோர்ஸ்கி பரிசை வென்றது. வலு குறைவு என்பதால் தலா 20 மீட்டர் அகலத்தில் நான்கு சுழலிகள், மெல்லச் சுற்றும். செவ்வாய்க்கு ராக்கெட்டில் ஏற்றி அனுப்ப அந்த ஆடம்பரம் கட்டுப்படியாகாது.

ஆனால் காற்று பாதிச் சிக்கல்தான் என்பேன். பூமியிலிருந்து சமிக்ஞை போய்ச்சேரவே பல நிமிடங்கள். கையில் பிடித்து ஓட்ட முடியாது. கீழே தெரியும் கற்களையும் மேடுகளையும் கேமராவில் பார்த்தே இன்ஜெனூயிட்டி தன் நகர்வைக் கணித்தது. 2024 ஜனவரி 18இல், 72ஆவது பறப்பில், கீழே வெறும் மணல் அலைகள். புதுப்பனியில் 401 நெடுஞ்சாலையின் கோடுகள் மறைந்தால் நமக்கு என்ன ஆகுமோ, அதுவே அதற்கும் ஆனது. இறங்கும்போது இறக்கைகள் முறிந்தன. அடுத்ததை அனுப்புகிறவர்கள் மோட்டாரை விடக் கண்ணுக்கு அதிகம் செலவழிக்கட்டும்.