மாற்றுக்கருத்தின் இடம்: யூத ரபிமார் சட்ட நூல்களை ஒப்பிடும் முறை குறித்துச் சில சிந்தனைகள்

பண்டைச் சட்ட நூல்களை ஒப்பிட்டு ஆராய்வோர் பெரும்பாலும் முட்டும் மாட்டிலிருந்தே தொடங்குகின்றனர். இரு மாடுகள் முட்டிக்கொண்டு அவற்றுள் ஒன்று இறந்துபடின், உயிருடன் எஞ்சிய மாட்டின் விலையையும் இறந்த மாட்டின் உடலையும் உரிமையாளர் இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்கிறது எஷ்னுன்னாச் சட்டத்தின் 53ஆம் விதி. இச்சட்டம் எழுதப்பெற்ற களிமண் பலகைகள் பாக்தாத் நகரை ஒட்டிய தெல் ஹர்மல் மேட்டில் 1940களில் கண்டெடுக்கப்பட்டன. விவிலியத்தின் விடுதலைப் பயண நூலும் (21:35) ஏறத்தாழ இதே தீர்ப்பை வழங்குகிறது. ஹம்முராபியின் சட்டத்தில் (250–252) மாடு மனிதனைக் கொல்லும் நிகழ்வு பேசப்படுகிறது. மாடு முட்டும் இயல்புடையது என்று முன்னரே அறிவிக்கப்பட்டும் உரிமையாளன் அதனை அடக்கி வைக்கத் தவறியிருப்பின், இறந்தவன் சுதந்திரனாயின் அரை மினா வெள்ளி செலுத்த வேண்டும். விவிலியமோ அதே நிலையில் மாட்டைக் கல்லெறிந்து கொல்வதோடு உரிமையாளனுக்கும் மரண தண்டனை விதித்து, மீட்புப்பணம் கொடுத்து அவன் உயிர் தப்பவும் இடந்தருகிறது. மெசொப்பொத்தேமியாவும் இஸ்ரயேலும் உலகை நோக்கிய முறையே வேறு என்பதை இச்சிறு வேறுபாட்டிலிருந்து ஜே. ஜே. ஃபிங்கல்ஸ்டைன் 1981இல் வெளிவந்த தம் நூலில் விரித்துக் காட்டினார்.

இவ்வகை ஒப்பீடு பயனற்றது என்பது என் கருத்தன்று. ஆயின் அதே அளவுகோலை ரபிமாரின் சட்டத்திற்கும் நீட்டும்போது இடர்ப்பாடு எழுகிறது. கி.பி. 200ஐ ஒட்டிக் கலிலேயாவில் ரபி யெகூதா ஹநாசி தொகுத்ததாகக் கருதப்பெறும் மிஷ்னா, ஆறு பெரும் பிரிவுகளையும் 63 பகுதிகளையும் உடையது. அதன் 'பாவா காமா' என்னும் பகுதி முட்டும் மாட்டையே முதன்மைப் பொருளாகக் கொண்டு இழப்பீட்டுச் சட்டத்தைக் கட்டமைக்கிறது. எஷ்னுன்னா, ஹம்முராபி, விவிலியம், மிஷ்னா என நான்கு கட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு விதியை நிரப்புவது ஒப்பியல் பயின்ற நமக்கு எளிதான வேலை. நானும் அத்தகைய அட்டவணைகளை வரைந்ததுண்டு. நான்காம் கட்டத்தில் எழுதுவதற்குரிய அந்த ஒற்றை விதி மிஷ்னாவில் பெரும்பாலும் கிடைப்பதில்லை என்பதே நான் மெல்ல உணர்ந்த உண்மை.

சான்றாக, முட்டிப் பழகாத மாடு முதன்முறை கேடு விளைவித்தால் பாதி இழப்பீடும், முட்டும் வழக்கம் உறுதிப்பட்ட மாடு விளைவித்தால் முழு இழப்பீடும் தரவேண்டும் என்பது பொதுவிதி. ஒரு மாடு எப்போது முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு மாறுகிறது? மூன்று நாள்கள் தொடர்ந்து உரிமையாளனுக்கு எச்சரிக்கை தரப்பட்டிருக்க வேண்டும் என்பார் ரபி யெகூதா. மூன்று முறை எச்சரித்தாலே போதும் என்பார் ரபி மெயிர். அது மீண்டும் நல்ல மாடாவது எப்போது? மூன்று நாள்கள் முட்டாமல் விலகியிருந்தால் என்பது ரபி யெகூதாவின் விடை. சிறுவர்கள் அதனைத் தொட்டுத் தடவியும் அது முட்டாதிருந்தால் என்பது ரபி மெயிரின் விடை. ஒருவர் நாள்களை எண்ணுகிறார். மற்றவர் மாட்டின் இயல்பைப் பார்க்கிறார். பாபிலோனியத் தல்மூதில் பதிவான முடிவு இன்னும் சுவையானது. முதல் வினாவில் ரபி யெகூதாவையும் இரண்டாம் வினாவில் ரபி மெயிரையும் அது பின்பற்றுகிறது. இருவருள் ஒருவர் கூற்று நூலினின்று நீக்கப்பட்டிருந்தால் இம்முடிவுக்கே வழியிருந்திராது.

பெயர் சுட்டாத கூற்று பெரும்பான்மையோர் கருத்தாகவே இருக்கும் என நம்பி அட்டவணை வரைபவரும் ஏமாறக்கூடும். மாடு முட்டிய பசுவின் அருகில் கன்று இறந்து கிடக்கிறது. முட்டுவதற்கு முன்னரே ஈன்றதா, முட்டியதால் கரு சிதைந்ததா என்பது தெரியவில்லை. பசுவுக்குப் பாதியும் கன்றுக்குக் காற்பங்கும் இழப்பீடு என்று மிஷ்னா யார் பெயரும் கூறாமல் தீர்ப்பளிக்கிறது. ஐயத்திற்குரிய பணத்தைப் பங்கிட வேண்டும் என்ற சும்மாக்கஸ் என்பாரின் தனிக்கருத்து இது என்றும், உரிமை கோருபவனே அதனை மெய்ப்பிக்க வேண்டும் என்பதே அறிஞர்களின் நிலைப்பாடு என்றும் தல்மூது விளக்குகிறது.

ஏற்கப்படாத கருத்தை ஏன் காக்க வேண்டும் என்ற வினாவை மிஷ்னாவே 'ஏதுயோத்' பகுதியின் முதல் இயலில் எழுப்புகிறது. பிற்காலத்து நீதிமன்றம் ஒன்று அத்தனிக்கருத்தைச் சார்ந்து தீர்ப்பளிக்க நேரலாம். அதற்காகவே அது பதியப்படுகிறது என்பது அங்குள்ள முதல் விடை. ரபி யெகூதா இதனை ஏற்கவில்லை. பிற்காலத்தில் ஒருவன் தான் பெற்ற மரபு இதுவென அக்கருத்தைக் கொண்டுவந்தால், நீ கேட்டது தள்ளப்பட்ட இன்னாருடைய கூற்று எனச் சுட்டி அவனை மறுப்பதற்கே அது பதியப்படுகிறது என்கிறார். கதவைத் திறந்துவைப்பதற்கு ஒரு காரணம். மூடிவைப்பதற்கு மற்றொரு காரணம். மாற்றுக்கருத்தைக் காப்பது ஏன் என்பதிலும் மாற்றுக்கருத்து எழுந்து, அதுவும் அருகருகே காக்கப்பட்டுள்ளது. ஹம்முராபியின் கல்தூணில் இத்தகைய இடத்தைத் தேடிப் பயனில்லை.

இது நூலழகு பற்றிய செய்தி மட்டுமன்று. கணவன் காணாமற்போன பெண்ணின் நிலையை எடுத்துக்கொள்வோம். அவன் இறந்தான் என்பது உறுதியாகாதவரை அவள் மறுமணம் செய்ய இயலாது. எந்த வழக்கும் இரு சாட்சிகளால் உறுதிப்பட வேண்டும் என்பது விவிலிய விதி. போர்க்களத்திலும் நெடுவழியிலும் இறந்தவனுக்கு இரு சாட்சிகளை எங்ஙனம் தேடுவது? 'யெவமோத்' பகுதியின் இறுதியில் இதற்கொரு நிகழ்ச்சி கூறப்படுகிறது. ரபி அகிவா பாபிலோனியாவின் நெகர்தேயாவுக்குச் சென்றபோது, பேத்தேலியைச் சேர்ந்த நெகேமியா அவரைச் சந்திக்கிறார். இஸ்ரயேல் நாட்டில் ஒரே சாட்சியைக் கொண்டு மறுமணத்திற்கு இசைவளிப்பவர் யெகூதா பென் பாவா ஒருவரே எனக் கேள்வியுற்றேன் என்கிறார் நெகேமியா. அகிவா ஆமென்கிறார். படைகளால் நாடு குழம்பிக் கிடப்பதால் தாம் நேரில் வர இயலாதென்று கூறி, மூத்த கமாலியேலிடமிருந்து தாம் பெற்ற மரபும் இசைவளிப்பதே என்ற செய்தியை நெகேமியா சொல்லியனுப்புகிறார். அதனைக் கேட்ட கமாலியேல் (மூத்தவரின் பெயரன்) யெகூதா பென் பாவாவுக்குத் துணை கிடைத்ததென்று மகிழ்கிறார். தெல் அர்சாவில் கொல்லப்பட்டவர்களின் மனைவியருக்குத் தம் பாட்டனார் ஒரு சாட்சியைக் கொண்டே இசைவளித்ததும் அப்போதுதான் அவர் நினைவுக்கு வருகிறது. பின்னர் அதுவே நடைமுறையாயிற்று. ரபி எலியேசரும் ரபி யோசுவாவும் உடன்படவில்லை என்பதும் அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது. தனித்து நின்ற ஒருவரின் கருத்து எல்லை கடந்து நினைக்கப்பட்டதால் எத்தனையோ பெண்களின் வாழ்வு முடங்காமல் நின்றது.

ரபிமாரின் சட்டத்தோடு ஒப்பிடத்தக்கது எது என்று என்னைக் கேட்டால், மெசொப்பொத்தேமியாவைக் காட்டிலும் உரோமையையே சுட்டுவேன். விதிகளை விடுத்து, முரண்பட்ட கருத்துகளை இரு மரபுகளும் என்ன செய்தன என்பதையே ஒப்பிட வேண்டும். கி.பி. 426இல் உரோமைப் பேரரசு பிறப்பித்த ஆணை பப்பினியன், பவுலுஸ், காயுஸ், உல்பியன், மொதெஸ்தினுஸ் ஆகிய ஐவரின் நூல்களுக்குச் சிறப்பிடம் தந்தது. கருத்து வேறுபட்டால் எண்ணிக்கை மிகுந்த பக்கம் வெல்லும். சமமாயின் பப்பினியன் சொல்லே முடிவு. 533இல் ஜஸ்டினியன் வெளியிட்ட 'டைஜஸ்ட்' தொகுப்பு பழைய சட்டவல்லுநர் பெயர்களை வைத்துக்கொண்டு அவர்களிடையிலான முரண்களை அகற்ற முனைந்தது. அதற்கு விளக்கவுரை எழுதுவதையும் பேரரசர் தடைசெய்தார். அதே ஜஸ்டினியன் 553இல் பிறப்பித்த 146ஆம் புதுச்சட்டம், யூதர் தொழுகைக்கூடங்களில் 'தெயுத்தெரோசிஸ்' என்பதனைத் தடைசெய்கிறது. அச்சொல்லின் பொருள் பற்றி விவாதம் உண்டு. ரபிமாரின் வாய்மொழி விளக்க மரபையே அது குறிக்கும் என்பர் பலர். பாபிலோனியத் தல்மூது உருப்பெற்றுக்கொண்டிருந்த காலமும் ஏறத்தாழ அதுவே என்பதை எண்ணும்போது, இவ்விரு தடைகளையும் தனித்தனியே வாசிக்க என்னால் இயலவில்லை.

இதற்கு மறுப்புகள் இல்லாமலில்லை. யாக்கோபு நியூஸ்னர், இந்நூல்களில் ஒருவர் பெயரால் வரும் கூற்றை அவரே கூறினார் எனக் கொள்ள இயலாதென வலியுறுத்தினார். ஏற்கத்தக்க எச்சரிக்கை இது. ஆயினும் பெயர் பொய்யே ஆனாலும், தள்ளப்பட்ட கருத்துக்கும் ஒரு பெயர் வேண்டும் எனத் தொகுத்தோர் எண்ணினரே, அந்த எண்ணம் வரலாற்று உண்மை. காரணம் கூறி நிறுவப்படும் சட்டத்தின்மீது யூத மரபுக்குள்ள நாட்டத்தை டேவிட் வைஸ் ஹலிவ்னி 1986இல் வெளிவந்த நூலில் நிறுவியிருப்பது இங்குத் துணைசெய்யும். முடிவை மட்டும் தரும் நூல்களும் அம்மரபில் தோன்றின. 12ஆம் நூற்றாண்டில் மைமோனிதேஸ் தம் 'மிஷ்னே தோரா'வில் வாதிட்டோர் பெயர்களையும் மூலங்களையும் பெரும்பாலும் நீக்கினார். அவர் காலத்திலேயே பொஸ்கியேர் ஆபிரகாம் பென் தாவீது அதனைக் கண்டித்து மறுப்புக் குறிப்புகள் எழுதினார். இன்று அந்நூல் அம்மறுப்புகளுடனேயே அச்சாகிறது.

உரைமரபில் ஊறிய தமிழ் ஆய்வாளர்க்கு இவையெல்லாம் அயலாகத் தோன்றா. சேனாவரையர் தமக்கு முந்தைய உரையாசிரியரின் கருத்தை எடுத்துக்கூறியே மறுக்கிறார். ஆயினும் நம் உரைகளில் 'என்பாரும் உளர்', 'ஒரு சாரார்' என்னும் தொடர்களுக்குள் எத்தனையோ பெயர்கள் மறைந்துபோயின. இலக்கண உரையில் ஒரு கருத்து தள்ளப்பட்டால் எந்தக் கைம்பெண்ணும் காத்திருக்கப் போவதில்லை என்பதும் நினைவில் நிற்க வேண்டும். ஒற்றுமையை இதற்குமேல் நீட்டுவது மீண்டும் அட்டவணைப் பிழையாகவே முடியும்.

ஆகவே முட்டும் மாட்டை இனி ஒப்பிடுவோர் நான்காம் கட்டத்தில் ரபி யெகூதாவின் மூன்று நாள்களை எழுதுங்கால், மாட்டைத் தடவிப் பார்க்கும் ரபி மெயிரின் சிறுவர்களையும் உடன் எழுத வேண்டும். கட்டத்தில் இடம் போதாதெனின் அட்டவணையைக் கைவிடலாம்.