தொட்டது யார் ஐயா?

'தொட்டாற்சிணுங்கித் தலைமுறை' என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை. எழுதியவர் தமிழறிந்தவர். ஆகவே தமிழிலிருந்தே தொடங்குகிறேன்.

அற்ப மனங்களை அடையாளம் காட்ட நம் ஆதி முன்னோர் வைத்துப்போன சொல்லாம் இது. எந்த முன்னோர்? அந்தச் செடியின் தாயகம் தென் அமெரிக்காவும் நடு அமெரிக்காவும். மிளகாயைப் போல அதுவும் கொலம்பஸுக்குப் பிறகு வந்து வேர்விட்டது. வராத செடிக்குச் சங்கப் புலவர்கள் பெயர் சூட்டிவிட்டுக் காத்திருந்தார்களோ?

போகட்டும், வயது பெரிய குற்றமில்லை. சொல்லின் முன்பாதியை அவர் விழுங்கியதுதான் குற்றம். 'தொட்டால்' என்பது நிபந்தனை. முதலில் ஒரு கை நீள வேண்டும், பிறகுதான் சிணுங்கல். கட்டுரை நெடுகச் சிணுங்கியவர்களே வருகிறார்கள். நிறத்தைச் சொல்லிக் கிண்டலடித்தபோது முகம் சுருங்கிய அலுவலகப் பெண், 'எந்த ஊர், ஊர்ல எந்தத் தெரு?' என்று துருவியபோது எழுந்து போன மாணவன். கிண்டலடித்த வாய்க்கும் துருவிய வாய்க்கும் அவரிடம் ஒரு பட்டப்பெயர்கூட இல்லை.

ஆள் பார்த்துத்தான் நாம் சொல்லை எடுக்கிறோம். வீட்டில் அண்ணன் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தால் ரோஷக்காரன். தங்கை எழுந்தால் தொட்டாச்சிணுங்கி. கும்பலுக்கோ இரண்டும் போதாது. 'மாதொருபாகன்' நாவலுக்காக ஊரே கடையடைத்து, 2015 ஜனவரியில் பெருமாள்முருகன் தன்னுள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவிக்க நேர்ந்ததே, அப்போது யாராவது அந்தக் கூட்டத்தைத் தொட்டாற்சிணுங்கி என்றார்களா? 'மனம் புண்பட்டது' என்று மரியாதையாகச் சொன்னோம். அடுத்த ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் நின்ற பிறகும் அந்த மரியாதை குறையவில்லை.

செடியையாவது அவர் உற்றுப் பார்த்திருக்கலாம். மோனிகா காகலியானோ குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், தொட்டிகளைப் 15 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிட்டார்கள். முதலில் இலை மூடியது. விழுவதால் கேடில்லை என்றானதும் மூடுவதை விட்டுவிட்டது. வேறு விதமாகக் குலுக்கியதும் மறுபடி மூடிக்கொண்டது. எதைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக் கூடாது என்று அதற்குத் தெரிகிறது.

இன்னொன்று. முன்பொருமுறை வாசகர் ஒருவர் இவர் கட்டுரையில் ஓர் ஒற்றுப்பிழையைச் சுட்டினார். இரண்டு பக்கத்துக்கு மறுப்பு வந்தது. அதை ரோஷம் என்றே வைத்துக்கொள்வோம்.