தளிக்கு ஒரு கால்பந்து மைதானம் வேண்டும்

2025 அக்டோபர் 17 அன்று கிர்கிஸ்தானின் பிஷ்கேக் நகரில், இந்தியாவின் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் கால்பந்து அணி இடைவேளை வரை உஸ்பெகிஸ்தானிடம் ஒரு கோல் பின்தங்கி நின்றது. இடைவேளைக்குப் பிறகு தண்டாமணி பாஸ்கே ஒரு கோல், அனுஷ்கா குமாரி ஒரு கோல். 2-1 என்று ஆட்டம் முடிந்தபோது, தகுதிச் சுற்றில் வென்று ஆசியக் கோப்பைக்குள் இந்த அணி முதல்முறையாக நுழைந்திருந்தது. 2026-இல் சீனாவில் நடக்கும் அந்தப் போட்டியில் அரையிறுதியைத் தொடும் நான்கு அணிகளுக்கு மொராக்கோவில் உலகக் கோப்பை ஆடும் தகுதி கிடைக்கும். அதற்கான தயாரிப்பு என்றதும் பேச்செல்லாம் முகாம் எங்கே, பயிற்சியாளர் எந்த நாட்டுக்காரர், வெளிநாட்டில் எத்தனை நட்பு ஆட்டங்கள் என்பதைச் சுற்றியே நடக்கிறது. இவை தேவைதான். ஆனால் இவற்றால் மட்டும் ஓர் அணி உருவாகாது என்பதை நம் நாடு இரண்டு உலகக் கோப்பைகளில் பார்த்துவிட்டது.

2022 அக்டோபரில் பெண்களுக்கான 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை இந்தியாவே நடத்தியது. ஸ்வீடனின் தாமஸ் டென்னர்பி பயிற்சியாளர். ஜாம்ஷெட்பூரில் நீண்ட முகாம். இத்தாலி, நார்வே, ஸ்பெயின் என்று பயணங்கள். முடிவில் அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5. அந்தப் பெண்களை இதற்காக ஒரு சொல் குறை சொல்ல முடியாது. ஆறு, ஏழு வயதிலிருந்து லீக் ஆட்டங்களில் வளர்ந்த அமெரிக்கச் சிறுமிகளுக்கு எதிராக, பதின்ம வயதில்தான் சரியான புல்தரையையே பார்த்த பெண்களை நிறுத்தியது நாம். அணித் தலைவி அஸ்தம் ஓரான் ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்துக்காரர். அவரைக் கௌரவிக்க அவருடைய கிராமத்துக்கு மாவட்ட நிர்வாகம் சாலை போட்டது. அந்தச் சாலையில் தினக்கூலிக்கு வேலை செய்தவர்களில் அவருடைய பெற்றோரும் இருந்தார்கள். நாட்டின் அணித் தலைவியை அனுப்பிய வீட்டுக்கு அதுவரை சாலையே இல்லை.

அந்த 21 பேர் அணியில் 6 பேர் ஜார்க்கண்ட் பெண்கள். பிஷ்கேக்கில் வெற்றி கோல் அடித்த அனுஷ்காவும் ஜார்க்கண்ட்தான். இது தற்செயல் இல்லை. ராஞ்சிக்குப் பக்கத்தில் ஓர்மாஞ்சியில் 2009-இல் தொடங்கிய ‘யுவா’ அமைப்பு, குழந்தைத் திருமணத்திலிருந்தும் பள்ளியை விட்டு நிற்பதிலிருந்தும் சிறுமிகளைக் காக்கக் கால்பந்தைக் கையிலெடுத்தது. 2013-இல் அந்தக் கிராமத்துச் சிறுமிகள் ஸ்பெயினின் காஸ்தேய்ஸ் கோப்பையில் ஆடி மூன்றாம் இடம் பிடித்தார்கள். பாஸ்போர்ட்டுக்குத் தேவையான பிறப்புச் சான்றிதழ் வாங்குவதற்குள்ளேயே அவர்கள் படாத பாடு பட்டிருந்தார்கள். மாநில அரசின் விடுதிகளும் ஊர்க் குழுக்களும் இப்படிப் பல வருடங்கள் மண்ணில் செய்த வேலையின் பலனைத்தான் தேசிய அணி இன்று அறுவடை செய்கிறது.

இதைக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூர்ப் பக்கத்துத் தளியில் இருந்துகொண்டு ஏன் எழுதுகிறோம்? அதே ஜார்க்கண்டின் ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளிலிருந்து சுமார் 6,000 பழங்குடிப் பெண்கள் ஓசூர் அருகே வரும் ஐபோன் ஆலைக்காகப் பயிற்சி பெற்றிருப்பதாக 2022 நவம்பரில் ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் சொன்னார். ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்களில் கழுத்தில் அடையாள அட்டையோடு இறங்கும் பெண்களை ஓசூரில் தினமும் பார்க்கிறோம். அவர்களில் பள்ளியில் பந்து உதைத்தவர்களும் நிச்சயம் இருப்பார்கள். இந்தத் தொழில் மண்டலத்தில் அவர்கள் ஆட ஓர் இடம் இல்லை. அவர்களைவிட இளைய, இந்த ஊரிலேயே பிறந்த சிறுமிகளுக்கும் இல்லை.

2017-இல் ஆண்களுக்கான 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தபோது தமிழ்நாட்டுக்கு ஓர் ஆட்டம்கூட ஒதுக்கப்படவில்லை. அணியிலும் தமிழ்நாட்டுப் பையன் ஒருவன்கூட இல்லை. மணிப்பூரிலிருந்து மட்டும் 8 பேர். நமக்குப் பக்கத்து பெங்களூரிலிருந்து சஞ்சீவ் ஸ்டாலின், ஹென்ட்ரி ஆன்டனி என்று இருவர். கொலம்பியாவுக்கு எதிராக சஞ்சீவ் ஸ்டாலின் அடித்த கார்னரைத்தான் ஜீக்சன் சிங் தலையால் முட்டி, ஃபிஃபா உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் கோலாக்கினார். தளியிலிருந்து பெங்களூரு இரண்டு மணி நேரப் பயணம். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆள் கிடைக்கிறது, இந்தப் பக்கம் கிடைக்கவில்லை என்றால் குறை பிள்ளைகளிடத்தில் இருக்க முடியாது.

பெண்கள் கால்பந்தில் தமிழ்நாடு சோடை போன மாநிலமும் இல்லை. தேசிய சீனியர் பட்டத்தை 2018-இலும் 2023-இலும் வென்றது நம் அணி. மதுரை சேது எஃப்சி 2019-இல் இந்திய மகளிர் லீக்கையே வென்றது. சுனாமி சூறையாடிய கடலூரிலிருந்து இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்குப் போனார். எங்கே ஒரு பயிற்சியாளர் பிடிவாதமாக நின்றாரோ, அங்கே பெண்கள் வந்தார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கு மூலையில் அப்படி நிற்க ஒருவருக்கு வாய்ப்புத் தரப்படவில்லை.

தளிப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றின் மாலை நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாலரை மணிக்குப் பள்ளி விடுகிறது. மைதானம் என்பது செம்மண் திடல், மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. பி.டி. டீச்சர் இருந்தால் கோ-கோவும் எறிபந்தும் நடக்கும். ஜவளகிரி காட்டோர ஊர்ப் பிள்ளைகளால் அதற்கும் நிற்க முடியாது. ராகி முற்றும் காலத்தில் பன்னர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் இறங்கிவிடும். இருட்டுவதற்குள் டவுன் பஸ்ஸைப் பிடித்து வீடு சேர வேண்டும். அம்மா ரோஜாத் தோட்டத்துப் பாலிஹவுஸில் கூலி வேலை முடித்து வருவதற்குள் அடுப்பு வேலையும் காத்திருக்கும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படிக்கும் இந்தப் பெண்கள் எட்டாவது, பத்தாவது தாண்டும் முன்பே திருமணப் பேச்சு எழும் ஊர்கள் இன்னும் இந்த மலையோரத்தில் உண்டு. மாலை ஆறரை மணிக்கு ஒரு மைதானத்தில் இருபது பெண்கள் ஒன்றாக ஓடுவது இங்கே விளையாட்டு மட்டும் இல்லை, பள்ளிப் படிப்பைத் தொடர ஒரு பிடிமானமும்கூட.

வாலிபாலும் கபடியும் இருக்கும்போது கால்பந்து எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வாலிபாலும் கபடியும் தொடரட்டும். ஒரு பந்தும் ஒரு திடலும் இருந்தால் இருபத்திரண்டு பேர் ஆடலாம் என்ற வகையில் கால்பந்தைப் போல மலிவான ஆட்டம் வேறில்லை. கழிப்பறை இல்லாத பள்ளிகளுக்கு முதலில் பணம் கொடுங்கள் என்ற வாதம் இன்னும் கனமானது. அதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் இரண்டும் ஒரே கஜானாவிலிருந்து வர வேண்டியதில்லை. நிறுவனங்கள் சட்டம் 2013-இன் 135-ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. கிராமப்புற விளையாட்டுப் பயிற்சி அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. ஓசூர் சிப்காட்டைச் சுற்றி நாட்டின் பெரிய வாகன, மின்னணு நிறுவனங்கள் நிற்கின்றன. ஜாம்ஷெட்பூரில் 1987 முதல் கால்பந்து அகாடமி நடத்தி, நாட்டுக்கு ஆட்டக்காரர்களைத் தந்த டாடா குழுமம் அவற்றில் ஒன்று. அங்கே ஆண் பிள்ளைகளுக்குச் செய்ததை இங்கே பெண் பிள்ளைகளுக்குச் செய்ய அந்தக் குழுமத்தால் முடியும். செய்ய வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்கிறோம்.

நிலம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். முழு அளவுக் கால்பந்து மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். இரண்டு ஏக்கருக்குள் அடங்கிவிடும். ஓசூருக்கு 2,000 ஏக்கரில் விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்த அரசுக்கு இரண்டு ஏக்கர் பெரிதல்ல. தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம், அதற்கு 3 கோடி ரூபாய் என்ற திட்டமும் இருக்கிறது. தளியும் ஒரு தொகுதிதான். 12,525 ஊராட்சிகளுக்கும் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு தரும் திட்டமும் நல்ல திட்டம். ஆனால் சொல்லித்தர ஆள் இல்லாத ஊரில் பந்து பீரோவுக்குள் கிடந்து காற்றிறங்கிப் போகும்.

கால்பந்துச் சம்மேளனத்துக்கும் ஒரு வார்த்தை. இந்திய அணிகளின் முகாம்கள் பல முறை பெங்களூரில் நடந்திருக்கின்றன. அந்தக் குளிர்ந்த காற்றும் உயரமும் தளிக்கும் உண்டு. பெங்களூரில் முகாமிடும் இளையோர் அணி ஒரு நாள் எல்லை தாண்டி வந்து நம் பிள்ளைகளோடு பந்து உதைத்துவிட்டுப் போகலாம். வருகிறவர்கள் ஜார்க்கண்ட் பெண்கள் என்றால், ஓசூர் ஆலை விடுதிகளிலிருந்து அவர்களைப் பார்க்கவே ஒரு கூட்டம் வரும்.

2032-இல் 17 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடப்போவது 2015-இலும் அதற்குப் பிறகும் பிறந்த பெண்கள். அவர்களில் மூத்தவர்கள் இப்போது ஐந்தாம் வகுப்பில் இருக்கிறார்கள். சீனாவுக்குப் போகும் அணிக்கு நம் முழு வாழ்த்து. ஆனால் அடுத்தடுத்த அணிகளுக்கான தயாரிப்பை அந்த ஐந்தாம் வகுப்பில்தான் தொடங்க வேண்டும். தளித் தொகுதியின் விளையாட்டரங்கப் பணி எந்தக் கட்டத்தில் இருந்தாலும், அதில் முழு அளவுக் கால்பந்து மைதானம், மாதச் சம்பளத்தில் ஒரு பெண் பயிற்சியாளர், பயிற்சி முடிந்ததும் காட்டோர ஊர்ப் பெண்களை வீட்டில் இறக்கிவிட ஒரு வேன் ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று மாவட்ட ஆட்சியர் பார்க்க வேண்டும். இல்லையென்றால் திட்டத்தைத் திருத்தி எழுத உத்தரவிட வேண்டும்.