தவறியது ஏன் என்று மாணவர் எழுதட்டும்
விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் 2022 பாடத்திட்டம் அகமதிப்பீட்டுக்கும் பருவத்தேர்வுக்கும் தலா 50 மதிப்பெண் வழங்குகிறது. அந்த அகமதிப்பீட்டுக்குள், மாணவர் தம் கற்றலைத் தாமே திரும்பிப் பார்த்து எழுதுவதற்குப் பெங்களூருவின் பொறியியல் கல்லூரிகள் இடம் ஒதுக்க வேண்டும். பொறியியல் பட்டப்படிப்புகளின் அங்கீகாரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014இல் நிரந்தர உறுப்பினரானது. அதில் இந்தியாவின் சார்பில் இடம்பெறும் தேசிய அங்கீகார வாரியம் பட்டதாரியிடம் எதிர்பார்க்கும் திறன்களில் வாழ்நாள் கற்றலும் ஒன்று; தன் கற்றலைத் தானே திரும்பிப் பார்ப்பது அதற்கு அடிப்படை. பல கல்லூரிகளிலோ பருவ முடிவில் ஒரு கருத்துப் படிவம் நிரப்புவதோடு அந்தத் திரும்பிப் பார்த்தல் முடிந்துவிடுகிறது. ‘நன்று’, ‘மிக நன்று’ என்று குறியிடும் மாணவர், மின்சுற்றுக் கணக்கில் எங்கே தடுமாறினோம் என்பதைத் தமக்கேகூடச் சொல்லிக்கொள்வதில்லை. திருத்திய விடைத்தாள் கைக்கு வந்த அன்றே, எந்த அனுமானம் பொருந்தவில்லை, எந்தப் படியில் வழி தவறியது, மீண்டும் எப்படித் தொடங்குவேன் என்று அவர் அரைப்பக்கம் எழுதினால், அடுத்த வகுப்பில் எதை மறுபடி நடத்த வேண்டும் என்பது ஆசிரியருக்கும் விளங்கும். நிறைந்த வகுப்புகளில் இது சுமை என்னும் ஆசிரியர்களின் கவலை நியாயமானதே. ஆகவே கூடுதல் வேலையாக அன்றி, இப்போதுள்ள ஒப்படைவு ஒன்றுக்கு மாற்றாக இது வரவேண்டும். ஒப்புக்கொண்ட பிழைக்காக ஒரு மதிப்பெண்ணும் குறையக் கூடாது. கன்னடத்திலோ தமிழிலோ எழுதுவோரைத் தடுக்கவும் கூடாது. இதற்கான வழிகாட்டுதலை அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் பல்கலைக்கழகம் வெளியிட வேண்டும்.