செருப்பை எண்ணி கூட்டம் சொல்றாங்க!

ஒரு படம் ரொம்ப வருஷமா சுத்திட்டு இருக்கு, நீங்களும் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. ஆரஞ்சு கலர்ல, கிராமபோன் தட்டு மாதிரி வளையம் வளையமா, நடுவுல பளீர்னு ஒரு வெளிச்சம். எச்.எல். டாரிங்கற குட்டி நட்சத்திரம். 450 ஒளியாண்டு தூரம், வயசு பத்து லட்சம் வருஷத்துக்கும் கம்மி. சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்துல இருக்கிற ஆல்மா தொலைநோக்கி 2014-ல் எடுத்தது. "கோள்களின் பிரசவ அறை"ன்னு ஆளாளுக்கு தலைப்பு வேற.

படம் அட்டகாசம்தான், அதுல சண்டை இல்லை. ஆனா மக்களே, அதுல தெரியறது வெறும் தூசு! நட்சத்திரங்களுக்கு நடுவே இருக்கிற வெளியில தூசு 1 பங்குன்னா வாயு 100 பங்கு. இந்த வட்டுகளும் அதே சரக்குல இருந்து வந்ததுதான். வியாழன் மாதிரி பெரிய கோள் வளர்றதே வாயுவை வாரிச் சுருட்டித்தான். அப்போ வாயு எவ்வளவு இருக்கு? இதுக்கு வர்ற பதிலை நாம ரொம்ப சுலபமா நம்பிடறோம்ங்கறதுதான் என் கட்சி.

வாயுவுல பெரும்பங்கு ஹைட்ரஜன். அது அமுக்குணி. அந்தக் குளிர்ல ஹைட்ரஜன் மூலக்கூறு அநேகமா எந்த ஒளியும் விடாது. அதனால பத்தாயிரத்துக்கு ஒண்ணுங்கற கணக்குல கூடவே இருக்கிற கார்பன் மோனாக்சைடைப் பிடிச்சு, அதை அளந்து பெருக்கிக்கறாங்க. கல்யாண மண்டப வாசல்ல கிடக்கிற செருப்பை எண்ணி உள்ளே எத்தனை பேர்னு சொல்ற மாதிரி. சரி, பாதிப் பேர் செருப்பைப் பையில போட்டு உள்ளேயே எடுத்துட்டுப் போயிருந்தா?

அதேதான் நடக்குது. மைனஸ் 253 டிகிரி பக்கம் போனா கார்பன் மோனாக்சைடு தூசு மேல பனியா உறைஞ்சுடும். மிச்சத்துல கொஞ்சம் வேற வேதிப்பொருளா மாறிடும். லூபஸ் பகுதி வட்டுகளை ஆல்மா அளந்தப்போ, பலதுல மொத்த வாயுவே ஒரு வியாழனுக்குக் காணாதுன்னு கணக்கு வந்தது. ஆனா வியாழன் ஜாதிக் கோள்களை நூற்றுக்கணக்குல கண்டுபிடிச்சாச்சே! ஒண்ணு, கோள்கள் நாம நினைச்சதைவிட சீக்கிரமே பிறந்திருக்கணும். இல்லைன்னா செருப்புக் கணக்கு தப்பு.

கணக்கு தப்புங்கற பக்கம்தான் நான். காரணம் டி.டபிள்யூ. ஹைட்ரே. ஏறக்குறைய 200 ஒளியாண்டுல, நம்ம பக்கத்து வீடு. ஹைட்ரஜனோட ஒரு அணுவுக்குப் பதிலா டியூட்டீரியம் உட்கார்ந்தா அந்த மூலக்கூறு கொஞ்சம் வாயைத் திறக்கும், 112 மைக்ரான் அலைநீளத்துல. இது லட்சத்துல மூணு பேர்தான், ஆனா உறையாத ஆளு. அதை ஹெர்ஷல் விண்தொலைநோக்கி பிடிச்சது. 2013-ல் வந்த முடிவு: வாயு குறைஞ்சது 50 வியாழன் எடை! அதே வட்டுல கார்பன் மோனாக்சைடு, இருக்க வேண்டியதைவிட சில மடங்கிலிருந்து நூறு மடங்கு வரை கம்மி. (வாயுவோட வெப்பநிலை சரியாத் தெரியணும், இல்லைன்னா இந்தத் தராசும் ஆடும். அதையும் சொல்லிடணும் இல்லையா?)

அந்தக் கட்டுரை வந்தது ஜனவரில. ஏப்ரல்ல ஹெர்ஷலோட ஹீலியம் தீர்ந்து கதை முடிஞ்சது. இந்த முறையில எடை போட்ட வட்டு மொத்தம் மூணே மூணு. நம்ம காற்றுல இருக்கிற நீராவி அந்த அலைநீளத்தை விழுங்கிடும், அதனால ஆல்மாவால முடியாது. ஜேம்ஸ் வெப் 28 மைக்ரானோட நின்னுடும். தராசைத் தொலைச்சுட்டு போட்டோவுக்கு பிரேம் போட்டுட்டு இருக்கோம்.

கார்பன் மோனாக்சைடை ஒரேயடியா திட்டவும் கூடாது. எடை சொல்லத் திணறினாலும் வேகம் சொல்றதுல அது கெட்டி. எச்.டி. 163296 வட்டுல வாயு ஓட்டம் இடறின இடத்தை வச்சு, கண்ணுக்குத் தெரியாத கோள்கள் இருக்குன்னு 2018-ல் ரெண்டு குழு தனித்தனியா சொன்னாங்க. 2025-ல் வெளியான ஏஜ்-புரோ ஆய்வுல 30 வட்டுகளுக்கு, கார்பன் மோனாக்சைடு இருந்தா அழிஞ்சுபோற ஒரு நைட்ரஜன் அயனியையும் சேர்த்து அளந்தாங்க. அது எங்கே தூக்கலா இருக்கோ அங்கே செருப்பு காணோம்னு அர்த்தம். கெட்டிக்காரத்தனம்தான், ஆனாலும் சுத்தி வளைச்ச வழி.

2024-ல் நாசா தன்னோட அடுத்த விண்தொலைநோக்கிக்கு ரெண்டு திட்டங்களை இறுதிச் சுற்றுக்கு எடுத்தது. ஒண்ணு எக்ஸ்ரே பார்க்கறது. இன்னொண்ணு ப்ரிமா, 112 மைக்ரானையும் பார்க்கும். என் ஓட்டு எதுக்குன்னு சொல்லணுமா என்ன? எக்ஸ்ரே கட்சிக்காரங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல வாங்க, மல்லுக்கட்டலாம்.